மடிக்காத துணி

“அக்கா, நான் இனிமே போர்வையேதானா?”

சித்தூரில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஏழு வயது ஸ்ரீதேவி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இப்படிக் கேட்டாள். கேட்டது தேவசேனாவை. திருப்பதியில் ஒரு கல்லூரியில் ஆடை வடிவமைப்பு சொல்லித்தருகிறவள் அவள். வார்டுப் பிள்ளைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கலாமென்று உதயா, ரூபா என்ற இரண்டு மாணவிகளைக் கூட்டிக்கொண்டு அளவெடுக்க வந்திருந்தாள். பதினொரு பிள்ளைகளுக்கு அளவெடுத்தாயிற்று. பன்னிரண்டாவது கட்டிலுக்கு வந்ததும் டேப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுவிட்டாள்.

குளிக்க வைத்திருந்த கொதிநீர் அடுப்பிலிருந்து சரிந்து ஸ்ரீதேவியின் வலது அக்குளிலும் விலாவிலும் கொட்டியிருந்தது. தொடையிலிருந்து தோலெடுத்து அங்கே ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய தோல் ஆறும்போது சுருங்கும். கையைக் கீழே தொங்கவிட்டால் அது விலாவோடு சேர்ந்து பிடித்துக்கொள்ளும். அதனால் இடுப்பில் ஒரு தாங்கியைக் கட்டி, கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி வைத்திருந்தார்கள். வார்டில் அதற்கு ஏரோபிளேன் கட்டு என்று பெயர். அந்தக் கட்டுக்கு மேல் எந்தச் சட்டையும் ஏறாது. ஐந்து வாரமாக அவள் உடம்பில் ஒரு பச்சைப் போர்வைதான். எதிர்க் கட்டில் பையன்கள் அவளை “ஏ போர்வை!” என்றே கூப்பிட்டார்கள்.

“கண்ணு அசந்தாப் போதும் மேடம், கட்டை அவுத்துப் போட்டுட்டு கவுன மாட்டிக்கினு குந்திக்குது” என்றாள் தாய் சுலோசனா. “நான் அடிச்சும் பாத்துட்டேன். பாவம், அடிச்சுட்டு நானும் அழுவறேன்.”

சுற்றி வந்த டாக்டர் தேவசேனாவிடம் தனியாகச் சொன்னார். “ரெண்டு வாரம் பார்ப்பேன். கட்டு நிக்கலைன்னா மறுபடியும் அறுத்துத்தான் பிரிக்கணும். எடுத்து ஒட்டத் தொடையில தோலும் அதிகம் இல்லை.”

கிளம்பும்போது தேவசேனா கட்டிலருகே குனிந்து, “உனக்கு நான் சட்டை தெச்சுத் தரேன்” என்றாள். சொல்லிவிட்ட பிறகுதான் எப்படித் தைப்பதென்று யோசித்தாள்.

தேவசேனா நகரியில் விசைத்தறி ஓட்டிய குடும்பத்துப் பெண். பெங்களூரில் பதினான்கு வருஷம் துணி வெட்டிப் பெயர் வாங்கியவள். அவள் வெட்டிய ஆடைகளை மேடையில் எட்டு நிமிஷம் போட்டு நடந்துவிட்டுக் கழற்றிவிடுவார்கள். ஒருநாள் அது அலுத்துப்போய், கற்றதைப் பத்துப் பேருக்காவது கொடுப்போமென்று திருப்பதிக்கு வந்துவிட்டாள். அவள் வகுப்பென்றால் பிள்ளைகளுக்கு உயிர். முதல் நாளே பாடப்புத்தகத்து அளவுக் காகிதங்களைச் சுருட்டி மூலையில் வைக்கச் சொல்வாள். “துணியில ஒரு பெரிய ஓட்டை போடுங்க. எங்கன்னு யோசிக்காதீங்க. உள்ள பூந்து பாருங்க, துணி எங்க விழுதோ அதுதான் சட்டை” என்பாள். போன மாதம் அப்படிப் புகுந்த உதயா, தலையும் ஒரு கையும் ஒரே ஓட்டையில் மாட்டிக்கொண்டு, “மேடம், உள்ள வந்துட்டேன், வெளிய போற பஸ் எங்க நிக்கும்?” என்று அலறினாள். வகுப்பே உருண்டு சிரித்தது. அந்த ஓட்டையிலிருந்து கடைசியில் ஓர் அழகான மேலாடை வந்தது.

அப்படிப்பட்ட கைதான் ஒரு சின்னப் பிள்ளையின் அக்குளுக்கு முன்னால் தோற்றுப்போனது.

முதல் சட்டைக்குத் தோளிலிருந்து மணிக்கட்டு வரை பொத்தான் வைத்தார்கள். போட்டதுமே ஸ்ரீதேவி தாங்கியைப் பல்லைக் கடித்துக்கொண்டு அசைத்தாள். பொத்தான்கள் குத்தின. இரண்டாவது, கழுத்துக்கு மட்டும் வழிவிட்டு நாலாபக்கமும் குடைபோல விழுகிற உடை. கண்ணாடியில் பார்த்துவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இதுவும் போர்வைதான். பூப்போட்ட போர்வை.” மூன்றாவதற்கு அக்குளில் வைர வடிவத்தில் துண்டு சேர்த்து, கை அகலமாக விரிய இடம் விட்டார்கள். தேவசேனாவே ராப்பகலாகத் தைத்தது. இரண்டாம் வாரம் வியாழக்கிழமை அதை மாட்டி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வைரத்தின் முனையில் நாலு தையலும் கூடுகிற இடம் புதுத்தோலில் உரசி, மஞ்சள் துணியில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. அது பெரிதாகிக்கொண்டே வந்தது.

குழந்தை வீரிட்டதைவிடச் சுலோசனா சொன்னதுதான் தேவசேனாவை அறைந்தது.

“நீங்க கத்துக்கறதுக்கு எம் பொண்ணு ஒடம்புதான் கெடச்சுதா? போங்கம்மா. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க.”

எதிர்க் கட்டில் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறை சட்டை மாற்றிப் பார்த்தபோதும் அவர்கள் அப்படித்தான் எட்டிப் பார்த்திருந்தார்கள். தேவசேனா சட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே வந்தாள்.

திருப்பதிக்குத் திரும்புகிற பஸ்ஸில், சந்திரகிரி தாண்டியதும் ரூபா தன் தெலுங்கு கலந்த தமிழில் மெல்ல ஆரம்பித்தாள். “மேடம், பர்வாலேது. இன்னொண்ணு ட்ரை பண்ணலாம்.”

“எதை வச்சு?” என்றாள் தேவசேனா. “எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்த மூணு சட்டையில தீந்துபோச்சு.”

மறுநாள் வகுப்பெடுக்கவில்லை. மேஜைமேல் வெற்றுக் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாக மலை தெரிந்தது. இத்தனை வருஷமாகத் தினமும் பார்த்துக் கும்பிடுகிற மலை. அன்றைக்குக் கும்பிடக் கை எழவில்லை. ‘பெருமாளே, வேண்டாத எடத்துலல்லாம் எனக்குக் கைதட்டல் குடுத்தே. இந்த ஒரு பிள்ளைக்கு ஒரு சட்டை குடுக்க ஒனக்கு மனசில்லையா?’ என்று மனத்துக்குள் கேட்டாள். டாக்டர் சொன்ன கெடுவுக்கு நாலு நாள் இருந்தது. அந்த நாலு நாளும் அந்தப் பிள்ளை கட்டை அவிழ்த்துப் போட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம், மழித்த தலையில் சந்தனம் பூசிய ஒருவர் வகுப்பு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர்.

“தேவசேனா மேடம் யாரு? நான் சிட்டிபாபு. ஸ்ரீதேவிக்கு நைனா.”

தேவசேனா பதறி எழுந்தாள். “பிள்ளைக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. ரத்தம் நின்னு போச்சு. மேலோட்டமாத்தான்னு சொல்லிட்டாங்க. பொண்ணுக்காக மலைல முடி குடுக்க வந்தேன். இது கட்டிலடில கெடந்துச்சு.” கவரிலிருந்து அவள் அளவு டேப்பை எடுத்து நீட்டினார். “இது இல்லாம உங்களுக்கு வேலை ஓடாதேன்னுட்டு…” பிறகு ஒரு லட்டையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். “எல்லாரும் பிட்டுக்குங்க. எங்க வூட்டுக்காரம்மா அன்னிக்கு ஒரு மாதிரி பேசிட்டா. அவ கெட்டவ கெடையாது. அந்த அடுப்புல தண்ணி வெச்சது அவதான். அதான்.”

தேவசேனா டேப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். திட்டு வாங்கித் திரும்பியவளுக்கு டேப்பைக் கொடுக்க ஒருவன் மலையிறங்கி வெயிலில் விசாரித்துக்கொண்டு வருகிறான். இப்படிப்பட்டவர்களால்தான் உலகத்தில் இன்னும் மழை பெய்கிறது.

தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார்கள். அவர் உட்காரவில்லை. வெட்டும் மேஜையைச் சுற்றி நடந்து, கிடந்த காகிதங்களையும் தோற்றுப்போன மூன்று சட்டைகளையும் பார்த்து, நடுவிலிருந்த மடிப்பைத் தடவினார். மாம்பழ மண்டியில் கூடை தூக்குகிறவர்; தோள் காய்த்துத் தழும்பேறியிருந்தது.

“ஒண்ணு கேட்டாக் கோச்சுக்க மாட்டீங்களே? துணிய ஏன் மொதல்லியே ரெண்டா மடிச்சுப்புடறீங்க?”

“மடிச்சு வெட்டினாத்தானே அண்ணா ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும்” என்றாள் ரூபா.

“எம் பொண்ணுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லியேம்மா.”

தேவசேனா மூன்று சட்டைகளையும் பார்த்தாள். மூன்றின் நடுவிலும் மடிப்பின் தடம் நேர்க்கோடாகத் தெரிந்தது. எந்த டெய்லரும் துணியைக் கையிலெடுத்ததும் செய்கிற முதல் காரியம் அது. யோசித்துச் செய்வதில்லை, செருப்பை மாட்டுவதுபோலச் செய்வது. ஓட்டை போடு, உள்ளே புகு, பழசை மறந்துவிடு என்று ஊருக்கெல்லாம் சொன்னவள், இந்தக் குழந்தையென்றதும் பயத்தில் பழைய பழக்கத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டாள். இடது பக்கத்தை அளந்து, வலது பக்கமும் அப்படியே இருக்கட்டுமென்று துணியிடம் சொல்லியிருக்கிறாள்.

“நீங்களா இருந்தா எப்படிச் செய்வீங்க?” என்று கேட்டாள். கெஞ்சுகிற குரலாக இருந்தது அது.

சிட்டிபாபு கூச்சப்பட்டார். “எனக்குத் தையலெல்லாம் தெரியாது மேடம். எங்க ஊர்ல கங்கம்மாவுக்கு வெள்ளிக்கெழமைல சேலை கட்டறது எங்க வீட்டு மொறை. அவ கல்லுல நிக்கறா. வலது கை சூலத்தத் தூக்கிக்கினு. கைய எறக்கு தாயேன்னா எறக்குவாளா? அதனால தூக்கின கைலேருந்துதான் ஆரம்பிக்கணும். மத்த பக்கத்துலேருந்து கட்டிக்கினு வந்தா, கடைசில அந்தக் கை வந்து தடுக்கும். ஒண்ணும் பண்ண முடியாது.”

“கட்டிக் காட்டுங்க” என்றாள் தேவசேனா.

காடாத் துணி ஆறு கஜம் எடுத்து வந்தார்கள். உதயா மேஜைமேல் ஏறி, அளவுகோலை வலது கையில் சூலமாகத் தூக்கிப் பிடித்து நாக்கைத் துருத்திக்கொண்டாள். “கெடாய் எங்கடி?” என்றாள் ரூபாவிடம். எல்லோரும் சிரித்தார்கள். சிட்டிபாபு துணியைக் கையில் வாங்கினார். வாங்கியதும், பழக்க தோஷத்தால், இரண்டு கையையும் கூப்பி அவளை நிமிர்ந்து பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பு நின்றது. உதயா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள். அப்புறம் அவர் கட்டி முடிக்கிற வரையில் அவள் கண் இமைக்கவில்லை.

தூக்கிய கையின் மணிக்கட்டில் தொடங்கியது துணி. கையின் மேலாகவே தோளுக்கு வந்து, அங்கிருந்து முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் தழைந்து விழுந்தது. கைக்கு அடியில் ஒன்றுமே இல்லை. முடிச்சில்லை, தையலில்லை, வெறும் காற்று. கழுத்தைச் சுற்றி இடது தோளுக்குப் போய், இடது இடுப்பில் முடிந்தது. பாரமெல்லாம் அந்த இடுப்பில்.

“இன்னொண்ணு கீது” என்றார். “பழச எடுக்கறதுக்கு முந்தி புதுசு மேல வந்துடணும். புதுச மேல போட்டுட்டு, பழச அடிலேருந்து உருவிக்கணும். அம்மா ஒரு நொடிகூட வெறும் ஒடம்போட நிக்கக்கூடாது.”

தேவசேனா அவரையே பார்த்தாள். எட்டிப் பார்த்த பையன்களின் முகங்கள் ஞாபகம் வந்தன. மூன்று முறை அந்தப் பிள்ளையைப் போர்வையை உருவி நிறுத்திவைத்தது தான்தான். ஒரு கல்லுக்குக் கிடைத்த மரியாதையைத் தான் ஒரு குழந்தைக்குக் கொடுக்கவில்லை.

“ஏழு வெள்ளிக்கெழமையா அவ அதே சேலையோட நிக்கறா” என்றார் சிட்டிபாபு, துணியை அவிழ்த்துக்கொண்டே. “பூசாரின்னு யாரும் கெடையாது. யாரு கட்டினாலும் வாங்கிக்குவா, ஆனா மொறை என்னுது. வெள்ளிக்கெழமைதான் பொண்ணுக்கு மருந்துக்கட்டு மாத்தறாங்க. என் கையப் புடிச்சுக்கினாத்தான் அது அடங்கும். கங்கம்மாகிட்ட கடன் வெச்சுட்டேன். எப்பத் தீக்கப் போறனோ.” பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் உதயாவுக்கு மறுபடியும் துணியைச் சுற்றி, உடம்பின்மேலேயே சாக்பீஸால் கோடு போட்டார்கள். கழற்றித் தரையில் விரித்தபோது கிழிந்த வாழையிலைபோல ஒரு வடிவம் கிடந்தது. இடம் வலம் தெரியாத, எந்தப் புத்தகத்திலும் இல்லாத வடிவம். அதைச் சின்னதாக்கிக் காகிதத்தில் இறக்கினார்கள். மெல்லிய மல் துணி வாங்கி, கஞ்சி போக மூன்று முறை அலசி உலர்த்தினார்கள். வெட்டும்போது யாரும் துணியை மடிக்கவில்லை. ஒரே ஒரு தையல், அதுவும் நல்ல பக்கத்தில், இடது தோளிலிருந்து இடது இடுப்பு வரை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போயிற்று.

திங்கட்கிழமை வார்டு வாசலில் சுலோசனா வழியை மறித்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

“இன்னொரு தபா ரத்தம் வந்துச்சுன்னா?”

“வந்தா நான் இந்த வேலையையே விட்டுடறேன்” என்றாள் தேவசேனா. “ஆனா இன்னிக்கு நான் போடப் போறதில்ல. நீங்க போடுங்க. நான் வழி மட்டும் சொல்றேன்.”

சுலோசனா வெகுநேரம் அந்தத் துணியைத் தடவிப் பார்த்தாள். தையலைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. அக்குள் வருகிற இடத்தில் விரல் போய் நின்று, அங்கே ஒன்றும் தட்டுப்படாமல் திரும்பியது.

ஸ்ரீதேவி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கட்டு அவள் காலடியில் கிடந்தது. கை விலாவோடு ஒட்டியிருந்தது. கையைப் பிரித்துத் தாங்கியைக் கட்டும்போது அழுதாள். போர்வையை எடுக்கப் போகிறார்களென்று பற்களால் அதன் ஓரத்தைக் கவ்விக்கொண்டாள்.

“போர்வை இருக்கட்டும்” என்றாள் தேவசேனா. “அதுக்கு மேலேயே போடுங்க.”

மணிக்கட்டில் தொடங்கித் தோளுக்கு, கழுத்துக்கு, இடுப்புக்கு. முடிச்சுப் போட்ட பிறகு, போர்வையை அடியிலிருந்து உதயா மெல்ல உருவினாள். எதிர்க் கட்டில் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமே இல்லை. ஒரு பெண் மாந்துளிர் நிறத்தில் கவுன் போட்டுக்கொண்டு கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குனிந்து பக்கவாட்டில் எதையோ தேடினாள்.

“பாக்கெட்டு எங்க?”

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறந்துபோயிருந்தார்கள். “அய்யய்யோ, பெரிய தப்பு” என்று சொல்லிக்கொண்டே ரூபா அங்கேயே தரையில் உட்கார்ந்து, மிச்சத் துணியில் ஒரு பை வெட்டி இடது பக்கத்தில் கையால் தைத்துக் கொடுத்தாள். ஸ்ரீதேவி அதில் பாதி தின்ற பிஸ்கட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தேவசேனா வந்திருந்தபோது டாக்டர் பார்த்தார். “எப்பலேருந்து அவிழ்க்கலை?” என்று கேட்டார்.

“நேத்து மத்தியானத்துலேருந்து சார். தூங்கறப்பகூட அவுக்கல” என்றாள் சுலோசனா.

கையைத் தூக்கிக் கோணம் பார்த்துக் குறித்துக்கொண்டார். “போனது போனதுதான். இந்தக் கை தலைக்கு மேல முழுசாப் போகாமலே இருக்கலாம். ஆனா இப்படியே நின்னா மிச்சத்தைக் காப்பாத்தலாம். ஆபரேஷன் இப்போ வேணாம். மூணு வாரம் கழிச்சுப் பார்ப்போம்.”

சுலோசனா சோற்று டப்பாவின் மூடியில் தன் பங்கு எலுமிச்சைச் சாதத்தில் பாதியை எடுத்து வைத்து, “துன்னுட்டுப் போங்க” என்றாள். தேவசேனா நின்றபடியே சாப்பிட்டாள். மூன்று வாரத்துக்கு இன்னும் இரண்டு கவுனாவது வேண்டும். மூன்று வாரம் கழித்து என்னவென்று யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு லீவு போட்டாள். எங்கே போகிறாளென்று உதயாவிடமும் சொல்லவில்லை. சித்தூருக்குப் போய், அங்கிருந்து தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, சுலோசனாவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்திருந்த சிட்டிபாபுவின் ஊரில் இறங்கினாள். நல்ல உச்சி வெயில். ஏரிக்கரையில் கதவில்லாத சின்னக் கோயில். சுற்றுமுற்றும் ஆள் இல்லை. இந்நேரம் சித்தூரில் மருந்துக்கட்டு மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிள்ளை தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கங்கம்மா சின்ன உருவம்தான், தேவசேனாவின் மார்பு உயரம் இருப்பாள். சேலை வெளுத்து, முந்தானை புழுதியில் கிடந்தது. தேவசேனா செருப்பை வெளியே விட்டு, குழாயில் கைகால் கழுவிக்கொண்டு வந்து, பையிலிருந்த அரக்குச் சேலையை எடுத்தாள். கடை மடிப்பெல்லாம் போக நன்றாக உதறினாள். தூக்கிய கையில் தொடங்கினாள். முதல் தடவை தோளில் நிற்காமல் வழுக்கியது. அவிழ்த்து, மறுபடியும் மணிக்கட்டிலிருந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை நின்றது. இடுப்பில் இறுக்கி முடிந்த பிறகு, பழைய சேலையை அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உருவினாள். கல் எங்கேயும் வெளியே தெரியவில்லை.

மஞ்சள் வைத்தாள், குங்குமம் வைத்தாள்.

“இது சிட்டிபாபு மொறை தாயே. அவரு கணக்குல வெச்சுக்கோ” என்றாள்.

பழைய சேலையை அலசி, வேப்பமரக் கிளையில் காயப் போட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஏரிக்கரை வழியாக, யாரும் பார்ப்பதற்கு முன்னால் பஸ் ரோட்டுக்கு நடந்தாள்.